ஐந்து வினாடி

போன மாதம் சூட்டுக்கோல் என் கட்டைவிரலைச் சுட்டது.
எலிசேயோ பின்னால் வந்து நின்றதுதான் காரணம்.
எனக்குக் காது கேட்காது. தெரிந்தே மணந்தவன்
பலகைத் தரையை ஓங்கி மிதித்துக்கொண்டுதான் உள்ளே வருவான்.
ஆனால் அக்டோபரில், பூந்தா அரேனாஸில்,
வீடே நாள்முழுக்க நடுங்கிக்கொண்டிருக்கும்.
எது காற்று, எது கணவன் என்று
உள்ளங்கால் எப்படிச் சொல்லும்?

ஒரு வாசிப்பான் வாங்கினேன்.
தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய சிவப்புப் பலகை.
நான்கு கம்பிகள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு பேச்சுக்கு.
ஓரத்தில் அரிசியளவு சுவிட்சுகள் இரண்டு.
ஒன்று மேலே ஒன்று கீழே இருந்தால்தான்
என் கருவியின் மொழி அதற்குப் புரியும்.
இரண்டையும் மேலே தள்ளிவிட்டு
ஒரு சனிக்கிழமையை முழுதாகத் தொலைத்தேன்.
படகு ரேடியோ பழுதுபார்த்துப் பிழைக்கிறவள் நான்,
வெளியில் சொன்னால் வெட்கம்.

விழித்ததும் கையில் கிடைத்ததையெல்லாம் காட்டினேன்.
தானிட்சாவின் நீச்சல்குள அட்டை எண் சொன்னது.
காலாவதியான நூலக அட்டையும் சொன்னது,
தனக்கு வயதானது தெரியாமல்.
பூனையையும் தூக்கிக் காட்டினேன்;
அதன் தோலுக்கடியில் இருக்கும் சில்லு வேறு அலைவரிசை.
ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனது.
சில்லு இல்லாவிட்டாலும் அப்படித்தான் போயிருக்கும்.

அட்டைக்குள் மின்கலம் கிடையாது.
அருகில் வந்தால், வாசிப்பான் ஊட்டும் துளி மின்சாரத்தில்
கண் திறந்து, தன் எண்ணைச் சொல்லி,
விலகினால் செத்துப்போகும்.
தொடவே வேண்டாம்.
விரற்கடை தூரம் போதும்.

வாசலில் பொருத்தினேன். வாசிப்பான் வாசிக்கவில்லை.
எங்கள் தெருவில் எல்லாச் சுவருக்கும்
துத்தநாகத் தகடுதான் சட்டை.
உலோகம் அலையைக் குடித்துவிடுகிறது.
பிளாஸ்டிக் மூடி, மரத்துண்டு,
பழைய பாலாடைக்கட்டிப் பலகை,
எதை இடையில் வைத்தும் பயனில்லை.
கடைசியில், உப்புப் படிந்த ஜன்னலின் உள்பக்கம்
கண்ணாடியோடு ஒட்டிவைத்தேன்.
கண்ணாடி தடுக்கவில்லை.

ஏற்பாடு இவ்வளவுதான்:
இரவுப் படகு ஜலசந்தியைக் கடந்து கரை தட்டியபின்
அவன் வந்து ஜன்னலில் அட்டையைக் காட்டுவான்.
என் மேசையில் மஞ்சள் விளக்கு எரியும்.
நான் சூட்டுக்கோலைக் கீழே வைப்பேன்.
கதவு திறக்கும்.

நிரலில் ஒரு வரி சேர்த்திருந்தேன்.
ஒரே அட்டை ஐந்து வினாடிக்குள் திரும்ப வந்தால்
கண்டுகொள்ளாதே.
எல்லோரும் எழுதுகிற வரிதான்,
இல்லாவிட்டால் விளக்குக்குப் பைத்தியம் பிடிக்கும்.

நேற்றுப் பதிவேட்டைப் பார்த்தேன்.
ஆறு மணி பன்னிரண்டு நிமிடம் மூன்று வினாடி: ஏற்கப்பட்டது.
நான்காம் வினாடி: புறக்கணிக்கப்பட்டது.
ஐந்தாம் வினாடி: புறக்கணிக்கப்பட்டது.
ஏழாம் வினாடி: புறக்கணிக்கப்பட்டது.
முந்தின நாளும் அப்படியே.
அதற்கு முந்தின நாள் ஆறு முறை.

அட்டை பழுதா என்று கைகளால் கேட்டேன்.
குளிரில் விறைத்த விரல்களால் அவன் பேசினால்
பாதிச் சொல் கொன்னும்.
இரண்டாம் தடவைதான் புரிந்தது:
விளக்கு எரிந்ததும் நீ தலை தூக்குகிறாய்.
வெளியிலிருந்து தெரிகிறது.
திரும்பவும் தூக்குவாயோ என்று பார்த்தேன்.

பதினோரு வருஷமாக
வீட்டுக்குள் வந்து பார்க்கிற முகம்தானே இது
என்று சொல்ல நினைத்தேன்.
கையில் கோப்பை இருந்தது. சொல்லவில்லை.

அவன் தூங்கியதும் அந்த வரியை அழித்தேன்.

இன்று காலை விளக்கு பதினான்கு தடவை எரிந்து அணைந்தது.
நான்காவதோடு நான் நிமிர்வதை நிறுத்திக்கொண்டேன்;
பூனை மட்டும் பதினான்குக்கும் பார்த்தது.
வெளியே அறுபது மைல் காற்று.
அந்த மனிதன் தொப்பியைப் பிடித்துக்கொண்டு
இன்னும் நின்றிருந்தான்.